மரத்தரையில் ஒரு சீசன்

பட்டன் அமுக்கும் வேலைக்கு ஒரு ராசி உண்டு. சரியாகச் செய்தால் நம்மை யாருக்கும் தெரியாது. தப்பாகச் செய்தால் ஊருக்கே தெரியும். மைக் செட் போடுகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவர்கள், கல்யாண வீட்டுச் சாம்பாருக்கு உப்புப் போடுகிறவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பகலில் எனக்குச் செங்கம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்களின் விசாத் தாள்களை நகல் எடுத்தே பாதி ஆயுள் போய்விட்டது. மீதிப் பாதி கூடைப்பந்துக்கு. கல்லூரியில் ஆடினேன், பெரிய ஆட்டக்காரி என்று சொன்னால் என்னோடு ஆடியவர்கள் சிரிப்பார்கள். அதனால் அதிகாரிகளுக்கான பரீட்சை எழுதித் தேறி, மைதானத்து ஓரத்து மேஜையில் ஷாட் கிளாக் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பந்து கைக்கு வந்த அணி இருபத்துநான்கு விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். எறிந்த பந்து வளையத்தைத் தொட்டுவிட்டு மறுபடி அவர்கள் கைக்கே வந்தால் பதினான்கு விநாடி கிடைக்கும். தொடவில்லை என்றால் பழைய கணக்கே ஓடும். தொட்டதா இல்லையா என்று பார்த்து அமுக்க வேண்டியது என் விரல்.

எங்கள் ஊர் தீபம் கிளப் தேசிய மகளிர் லீக்கின் முதல் பிரிவுக்கு ஏறியபோது, அந்த சீசனின் உள்ளூர் ஆட்டங்கள் அத்தனையையும் இந்த நாற்காலியில் இருந்து பார்த்தேன். பார்த்த பிரமிப்பு இன்னும் தீரவில்லை.

விழுந்து பார்த்தவள்

முதல் பிரிவில் ஆடும் கிளப்புக்கு லீக்கே மரத்தரை கொடுக்கும். பலகை பலகையாக லாரியில் வரும். கோத்துப் போடலாம், கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம். முதல் பிரிவில் இருக்கும்வரை அது நம்முடையது. சீசன் முடிவில் கடைசி இடத்தில் நின்று கீழே இறங்கினால், தரை வேறு ஊருக்குப் போய்விடும். அந்த சீசன் முழுக்க எங்களுக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

அதுவரை எங்கள் உள்ளரங்கத்தில் சிமெண்டுத் தரை. அதில் ஆடியவர்களின் முட்டியைப் பார்த்தாலே எத்தனை வருஷமாக ஆடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். மரத்தரையைக் கோத்து முடித்த அன்று பார்க்க வந்த கூட்டம், யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தது. யாரோ கூடைக் கம்பத்துக்குக் குங்குமப் பொட்டுகூட வைத்துவிட்டார்கள். கேப்டன் கலைவாணி மட்டும் கொஞ்ச நேரம் தரை மேல் ஏறாமல் ஓரத்திலேயே நின்றாள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலைப் பெண். அணியிலேயே குள்ளம் அவள்தான், முட்டியில் தழும்பு ஜாஸ்தியும் அவளுக்குத்தான். பிறகு திடீரென்று ஓடி, இல்லாத பந்துக்குப் பாய்ந்து, தொப்பென்று விழுந்தாள். நான் பதறி எழுந்தேன். அவள் படுத்தபடியே பலகையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"மேடம், விழுந்தா வலிக்கவே இல்ல. இருங்க, இன்னொரு வாட்டி விழுந்து பாக்குறேன்."

கடைக்கு வந்த தீர்ப்பு

இரண்டாவது உள்ளூர் ஆட்டத்தில் எங்கள் பெண் ஒருத்தி எறிந்த பந்து வளையத்துக்கு ஒரு விரற்கடை கீழே போனது. வளையத்தைத் தாங்கும் பலகையில் பட்டு எங்கள் கைக்கே திரும்பியது. வளையத்தைத் தொடவில்லை, எனவே நான் அமுக்கவில்லை. இரண்டு விநாடியில் பஸர் அடித்து, பந்து எதிரணிக்குப் போனது. அரங்கம் முழுக்க என் பக்கம் திரும்பியது. சொந்த ஊரில் உட்கார்ந்து சொந்த ஊருக்கு எதிராகக் கடிகாரம் ஓட்டும் சுகத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நடுவர் ஓடி வந்து கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார். அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஊரில் காலம் தள்ள முடியுமா? மறுநாள் கடை திறந்ததும் முதல் ஆளாக ஒரு பெரியவர் ஆதார் அட்டையோடு வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அட்டையைக் கண்ணாடி மேல் தானே வைத்தார்.

"நேத்து பட்டன அமுக்காம வுட்டது நீங்கதானே? இதுக்கு ரெண்டு பக்கமும் எடுக்கணும். அதையாவது மறக்காம அமுக்குங்க."

கைதட்டத் தெரியாத ஊர்

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கைதட்டத் தெரியாது. கூடை விழுந்தால் "அரோகரா" என்பார்கள். அரங்கத்தின் தகரக் கூரையில் அது போய் மோதித் திரும்பும்போது என் பஸர் எனக்கே கேட்காது. அந்த முழக்கத்துக்குத் தலைவர் முதல் வரிசையில் உட்காரும் பாஷா பாய். ஆட்டோ ஓட்டுகிறார். கலைவாணியை அடி அண்ணாமலையிலிருந்து பயிற்சிக்கு அழைத்து வந்து திரும்பக் கொண்டு விடுவது அவர்தான்.

மேற்கே இருந்து வந்த ஓர் அணியின் பயிற்சியாளருக்கு இது பிடிக்கவில்லை. தன் பெண்களை இந்தக் கூட்டம் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுகிறது என்று ஆட்ட ஆணையரிடம் புகார் செய்துவிட்டார். ஆணையர் வடக்கத்திக்காரர். முதல் வரிசைக்குப் போய் என்னவென்று விசாரித்தார். அந்த நேரம் பார்த்து எதிரணிப் பெண் ஒருத்தி பாதி மைதானத்திலிருந்து ஒரு பந்தை வீசினாள். அது கூரையைத் தொட்டுவிடுமோ என்கிற மாதிரி ஏறி, வலையைத் தவிர வேறெதையும் தொடாமல் இறங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரங்கம் மொத்தமும் எழுந்து எதிரணிக்கு அரோகரா போட்டது. பாஷா பாய் ஆணையரிடம் இந்தியில் சொன்னதை எனக்குத் தமிழிலும் சொன்னார்:

"நம்ம பொண்ணு போட்டாலும் கத்துவோம், அவங்க பொண்ணு போட்டாலும் கத்துவோம். இதுல கட்சி கெடையாது சார்னு சொன்னேன்."

வலப்பக்கக்காரி

கலைவாணி பந்தைத் தட்டிக்கொண்டு போவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர்கள் நால்வர் நடுவில் நுழைவாள். எப்படி வெளியே வந்தாள் என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதற்குள் பந்து கூடைக்குள் இருக்கும். ஆனால் ஒரு குறை. எப்போதும் வலப்பக்கமே திரும்புவாள். நாலைந்து ஆட்டத்துக்குப் பிறகு மற்ற கிளப்புகள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. வலப்பக்கம் சுவர் மாதிரி நின்றுகொண்டார்கள். நாங்கள் தோற்க ஆரம்பித்தோம். பட்டியலில் கீழே கீழே இறங்கினோம்.

கோச் ஒரு நாள் பொறுமை இழந்து, இடது பக்கம் போனால் என்ன, காலில் முள்ளா குத்துகிறது என்று சத்தம் போட்டார். அவள் வீடு கிரிவலப் பாதையில். தினமும் விடியற்காலையில் மலையைச் சுற்றி ஓடித்தான் அவள் கால்களுக்கு அந்தப் பலம். மலை எப்போதும் வலக்கைப் பக்கம். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு வராத பிரச்சினை இது. அவள் கோச்சை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"நடக்கப் பழகுனதுலேர்ந்து வலமாவே சுத்துறேன் சார். இடமா ஓடுனா எங்கம்மா அடிக்கும்."

நேரா போங்க

கடைசி ஆட்டம் பஞ்சாபிலிருந்து வரும் அணியோடு. அவர்களும் எங்களைப் போலவே தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயிக்கிறவர் முதல் பிரிவில் இருப்பார், தோற்கிறவர் இறங்குவார். எங்கேயோ உட்கார்ந்து ஆட்டத்துக்கு நாள் குறித்த புண்ணியவானுக்குப் பௌர்ணமி என்றால் என்னவென்று தெரியவில்லை. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் பேருந்துகள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். லட்சக்கணக்கான ஜனம் மலையைச் சுற்றும். எல்லாரும் ஒரே திசையில்.

மாலை ஆட்டம். நேரம் நெருங்கியும் பஞ்சாப் அணியைக் காணோம். நேரத்துக்கு மேல் பதினைந்து நிமிடம் பார்க்கலாம்; அதற்குள் ஐந்து பேராவது வந்து நிற்காவிட்டால் ஆட்டம் எங்களுக்கு. அப்போது பாஷா பாய் போனைக் காதில் வைத்தபடி மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். கலைவாணியின் அம்மா பேசுகிறார். பௌர்ணமியன்று போன் லேசில் கிடைக்காது. விடாமல் அடித்து இப்போதுதான் பிடித்திருக்கிறார். கிரிவலப் பாதையில் மோர், வெள்ளரிக்காய், தண்ணீர் பாட்டில் விற்கும் சின்னக் கடை அவருடையது.

நடந்தது இதுதான். செங்கம் ரோட்டில் ஊருக்கு வெளியே பேருந்தை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, ஸ்டேடியம் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார்கள். அரங்கம் இருப்பது கூட்டத்துக்கு எதிர்த் திசையில். பௌர்ணமியன்று எதிர்த் திசையைக் கைகாட்ட எங்கள் ஊரில் யாருக்கும் கை வராது. கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில், "நேரா போங்க". நேராகப் போனார்கள். எல்லாரும் வெறுங்காலில் நடக்கிறார்களே என்று ஷூவையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்களாம். பாதி மலையைச் சுற்றி அடி அண்ணாமலைக்கே வந்துவிட்டார்கள். பாஷா பாய் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஒவ்வொண்ணும் கரண்டு கம்பம் மாதிரி இருக்குதுங்க, பாவம். வழி தெரியாம நின்னுச்சுங்க. மோர் குடுத்து ஒக்கார வெச்சிருக்கேன். இதுங்க உங்க ஆளுங்களா பாரு."

மோர் குடித்துவிட்டார்கள்

பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கலைவாணி கேட்டுக்கொண்டிருந்தாள். கோச்சும் கேட்டார். அவர் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சாயங்கால வெளிச்சம் விழுந்து அந்த மரம் வெல்லப்பாகு நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. பாஷா பாய் போனை அணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்தால் போதும், அது எங்களுடையது. இருக்கட்டுமே என்று எனக்கும் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன்.

கலைவாணி போனை வாங்கினாள். சித்தப்பாவின் காய்கறி வண்டி, அதுதான் நம் ஊர்களில் குட்டி யானை என்கிறோமே அது, வீட்டில் நிற்கிறதா என்று கேட்டாள். "அஞ்சு பேர மட்டும் மொதல்ல ஏத்தும்மா. கூட்டத்துக்கு எதுர்ல வர வாணாம். வயக்காட்டு ரோடுல சுத்திக்கினு வரச் சொல்லு" என்றாள். கோச் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கலை, தெரிஞ்சுதான் பண்றியா?" என்றார்.

"எங்கம்மா கையால மோர் குடிச்சிட்டாங்க சார். இனிமே எப்பிடி வழி காட்டாம வுடுறது?"

பதினைந்து நிமிடம்

மொத்த ஆட்ட நேரத்தைக் காட்டும் பெரிய கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய பள்ளிக்கூட ஆசிரியரும் கூட்டத்தில் மாட்டிக்கொண்டுவிட்டதால் அன்றைக்கு அதுவும் என் கையில். நடுவர் சைகை காட்டினார். பதினைந்து நிமிடத்தை ஸ்கோர் பலகையில் போட்டு ஓடவிட்டேன். எண்கள் குறைய ஆரம்பித்தன. விஷயம் அதற்குள் வரிசை வரிசையாகப் பரவியிருந்தது. குட்டி யானை கிளம்பிவிட்டதாம், ரோட்டில் மாடு படுத்திருக்கிறதாம், சேற்றில் சிக்கிய வண்டியை அந்தப் பெண்களே இறங்கித் தள்ளினார்களாம், போலீஸ் தடுப்பைத் திறந்துவிட்டார்களாம் என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஆடாமலே ஜெயிக்கிற வாக்கோவர் வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்த ஜனம், இப்போது வாசலையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் பின்னால் ஒருவர், கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடுகிற மாதிரி இல்லையா என்று ஏக்கமாகக் கேட்டார். அவர்கள் வருவதற்கு ஏங்கினாரா, வராமல் இருப்பதற்கு ஏங்கினாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

ஒரு நிமிடமும் சில விநாடிகளும் இருந்தபோது குட்டி யானையின் ஹாரன் கேட்டது. வாசலில் ஐந்து பெண்கள், கையில் ஷூ, முழங்கால்வரை வயல் சேறு. மரத்தரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். சேற்றுக் காலோடு ஏற அவர்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் பெண்கள் பக்கெட்டும் சொம்புமாக ஓடினார்கள். தரையைப் பறிக்க வந்தவர்களின் காலில் தரையை இழக்கப் போகிறவர்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கடிகாரத்தை நிறுத்தினேன். அப்போதுதான் பெரிய கடிகார ஆசிரியர் சட்டை நனைந்து உள்ளே வந்தார். நடப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ஏம்மா, இன்னிக்கு மேட்ச்சா, இல்ல கல்யாணமா?"

ஒரு சுற்று

அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அவர்கள் போட்டால் நாங்கள் போட்டோம். பஞ்சாப் கேப்டன் ஹர்பிரீத் எகிறிப் பந்தைப் பிடிக்கும்போது வளையம் அவள் முழங்கைக்குக் கீழே தெரிந்த மாதிரி இருந்தது. அவள் இறங்கும் இடத்தில் கலைவாணி எப்படியோ நின்று பந்தைத் தட்டிப் பறித்தாள். எனக்கு விரல் வியர்த்தது.

கடைசியில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்து எங்கள் கையில். ஆட்டத்தில் மிச்சமிருக்கும் நேரம் என் இருபத்துநான்கு விநாடியைவிடக் கம்மியாகிவிட்டால் ஷாட் கிளாக்கை அணைத்துவிட வேண்டும். அணைத்துவிட்டேன். அந்த சீசனிலேயே முதல் தடவையாக என் கைக்கு வேலை இல்லை. அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. கலைவாணியின் வலப்பக்கம் மூவர் அடைத்து நின்றார்கள். அவள் தோள் வலமாக அசைந்தது. கால் இடப்பக்கம் போனது. அரங்கமே மூச்சை உள்ளிழுத்தது கேட்டது. எதிரில் ஒருவரும் இல்லை. எழும்பி, விரல் நுனியிலிருந்து பந்தை மெதுவாக விட்டாள். அது வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்தது. ஒரு முழுச் சுற்று சுற்றியது. நான் கண்ணால் பார்த்தேன், வலமாகத்தான் சுற்றியது. சுற்றி முடித்து வெளியே விழுந்தது.

பஸர் அடித்தது. எங்கள் ஊரில் முதல் தடவையாக ஓர் ஆட்டம் அரோகரா இல்லாமல் முடிந்தது. கலைவாணி வளையத்துக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். நான் சட்டம் எல்லாம் மறந்து மேஜையை விட்டு எழுந்து அழுதேன். ஹர்பிரீத் அவள் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து ஏதோ கேட்டாள். கலைவாணிக்கு இந்தி வராது. பாஷா பாய் தரை ஓரம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார்:

"மலையச் சுத்துறத பாதில வுடக் கூடாதுன்னு உங்கம்மா சைகைல சொன்னாங்களாம். நாளைக்குக் காலைல மீதியச் சுத்தணுமாம். நீ கூட வரியான்னு கேக்குறாங்க."

மீதிப் பாதி

போனாள். மொத்த அணியும் போனது. கடையைத் திறக்காமல் நானும் போனேன். அடி அண்ணாமலையில் அவள் அம்மா கடையிலிருந்து இரண்டு அணியும் வெறுங்காலில் கிளம்பின. முந்தின நாள் கூட்டம் வடிந்து பாதை காலியாக இருந்தது. எதிரில் வந்த பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, நடந்து போகிறவர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். வழியில் யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. ராஜகோபுரத்து வாசலில் ஹர்பிரீத் குனிந்து கலைவாணியைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவு உயரத்திலிருந்து குனிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பத்து நாள் கழித்து லாரி வந்தது. பலகைகளைக் கழற்ற வந்தவர்களுக்கு எங்கள் பெண்களே கை கொடுத்தார்கள். ஒவ்வொரு பலகையையும் இரண்டு பேராகத் தூக்கி, மூலை இடிக்காமல் ஏற்றினார்கள். லாரி திரும்பிப் போனதும் பழைய சிமெண்டு வெளியே வந்து கிடந்தது. ஒரு சீசன் வெளிச்சம் படாததால் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கலைவாணி முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு வந்து பந்தைத் தட்டினாள். இடப்பக்கம் திரும்பினாள், எழும்பிப் போட்டாள், விழுந்தது. திரும்பவும் இடப்பக்கம். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டத்தை நிறுத்தினாள்.

"கீழ இருந்ததத்தான் மேடம் எடுத்துக்கினு போனாங்க. வளையத்த யாரும் கழட்டலியே."

அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் கொஞ்சம் வேகமாக ஓட்டியிருக்கலாம் என்று ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் இன்றைக்கும் குறைப்படுகிறார்கள் என்பதால், பட்டன் அமுக்கும் என் இனத்தாரே, ஆரம்பத்தில் நான் சொன்ன ராசியை, சரியாகச் செய்தாலும் நம்மை ஊருக்கே தெரிய வரும் நாள் ஒன்று உண்டென்று திருத்திக்கொள்ளுங்கள்.